முகவரி இல்லாதவை

அந்தத் தெருவில் எல்லோரும் அவரைத் தபால்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். இருபத்தாறு வருஷமாக அவரும் சளைக்காமல் திருத்திக்கொண்டுதான் இருந்தார்.

"நான் குடுக்கிறவன் இல்லைங்க. பிரிக்கிறவன்."

"ரெண்டும் ஒண்ணுதானே?" என்பார் எதிர்வீட்டுத் தையல்காரர்.

"அதெப்படி ஒண்ணாகும்? நீங்க துணி தைக்கிறதும் நான் அதைப் போட்டுக்கிறதும் ஒண்ணா?"

அவர் சொன்னது நியாயம்தான். ஒரு நாளும் ஒரு வீட்டுக் கதவைக்கூட அவர் தட்டிக் கடிதம் கொடுத்ததில்லை. தபால் நிலையத்தின் பின்கட்டில், உயரமான கூரை போட்ட கூடத்தில், ஒரு மர அடுக்கின் முன்னால் நின்றே அவருடைய உத்தியோகம் நடந்தது. அடுக்கில் ஆறு வரிசை, வரிசைக்கு எட்டு அறை. அங்கே வேலை செய்கிறவர்கள் அந்த அறைகளைப் பொந்து என்பார்கள். இடது கையில் கடிதக் கட்டு, வலது கையில் வீச்சு. விலாசத்தின் கடைசி வரியில் கண் பட்டதும் கடிதம் பொந்துக்குள் போய் விழும். நிமிஷத்துக்கு நாற்பது. மேஜையில் வைத்த தேநீரை ஆறவிடாமல் குடித்துக்கொண்டே நாற்பது. கீழ் வரிசையில் வலது ஓரத்தில் கடைசிப் பொந்து ஒன்று உண்டு. விலாசமே இல்லாமல் வருகிற கடிதங்களுக்கு அது.

ஊர் தப்பாகச் சொல்கிறதே என்று அவர் பெரிதாக வருத்தப்பட்டதும் இல்லை. அவருடைய பெருமை வேறு இடத்தில் இருந்தது. அவர் வீட்டுக்காரம்மா புத்த சமயத் தத்துவத்தில் ஆராய்ச்சி செய்கிறாள்.

பகலில் அவள் பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். ஏழாம் வகுப்பில் ஒரு பெண், "டீச்சர், தீ விறகுலேர்ந்து வருதா, தீக்குச்சிலேர்ந்து வருதா?" என்று கேட்டுவிட்டாள். பாடப்புத்தகத்தில் இருந்த பதிலை டீச்சர் சொல்லிவிட்டாள். சொன்ன பதில் அவளுக்கே போதவில்லை. அந்தக் கேள்வியின் வாலைப் பிடித்துக்கொண்டு போனவள் ஒரு பழைய புத்தகத்தில் புத்தரிடம் போய்ச் சேர்ந்தாள். அங்கிருந்து பாலி மொழி, அங்கிருந்து பல்கலைக்கழகம். பதினோரு வருஷம் ஆகிவிட்டது.

தபால் கூடத்தில் பக்கத்து மேஜைக்காரனை எல்லோரும் முத்திரை என்பார்கள். தபால்தலைமேல் முத்திரை குத்துகிற வேலை என்பதால் வந்த பெயர். ஆளும் அந்த மாதிரிதான், எதைப் பேசினாலும் ஒரு குத்து இருக்கும்.

"உன் வீட்டம்மா அப்படி என்னதான்யா எழுதறாங்க?"

"எதுவும் தானா வர்றதில்ல. ஒண்ணைச் சார்ந்துதான் இன்னொண்ணு வருது. அதைப் பத்தி."

"புரியற மாதிரி சொல்லு."

"இப்ப உன் கையில ஒரு கடுதாசி இருக்கு. அது தானா வந்துச்சா? எழுதினவன் ஒருத்தன், பெட்டியில போட்டவன் ஒருத்தன், பை தூக்கினவன் ஒருத்தன். இதுல யார் இல்லேன்னாலும் கடுதாசி உன் கைக்கு வராது. கடுதாசி வரலேன்னா நீ எதுக்கு? உனக்குச் சம்பளம் எதுக்கு?"

"இதைச் சொல்றதுக்கா பதினோரு வருஷம்?"

"புத்தர் சொல்லி ரெண்டாயிரத்தைந்நூறு வருஷமாச்சு. உனக்கு இன்னும் புரியல. அதுக்கு பதினோரு வருஷம் கம்மிதான்."

கூடமே சிரித்தது. அன்றிலிருந்து முத்திரை அவரை 'புத்தரே' என்று கூப்பிட ஆரம்பித்தான். வேண்டாம் என்று வாயால் சொன்னாரே தவிர, மறுநாள் முதல் கொஞ்சம் நிமிர்ந்தே நடந்தார்.

இனி அவர் செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும்.

டீச்சரின் ஆராய்ச்சி முழுக்க அட்டைகளில் இருந்தது. உள்ளங்கை அகல அட்டை. நடுவில் அவளுடைய சின்னக் கையெழுத்தில் ஒரு மேற்கோளோ குறிப்போ இருக்கும். வலது மேல் மூலையில் அது எந்த நூலில், எந்தப் பகுதியில் இருக்கிறது என்ற எண். மொத்தம் மூவாயிரத்துச் சொச்சம் அட்டைகள் பதின்மூன்று செருப்புப் பெட்டிகளில் நின்றன. ஆறு அத்தியாயத்தில் முதல் மூன்றைத்தான் அவள் கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்தாள். மீதி மூன்றும் பெட்டிக்குள்ளேயே இருந்தன.

சமர்ப்பிக்க ஏழு வாரம் இருந்தபோது, கடைசியாகச் சில ஓலைப் பிரதிகளைப் பார்க்க வேண்டும் என்று வேறொரு ஊரில் இருக்கும் மடாலய நூலகத்துக்குப் பத்து நாள் போனாள். பள்ளிக்கூடத்தில் விடுப்பு வாங்கி, குடையை மறந்து, மூக்குக்கண்ணாடியை மட்டும் இரண்டு முறை சரிபார்த்து எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

அவள் போன மூன்றாம் நாள், தபால் கூடத்துக்குப் புது இரும்பு அடுக்குகள் வந்தன. பழைய மர அடுக்கு ஒன்றைப் பிளந்து அடுப்புக்குப் போடப் போகிறார்கள் என்று தெரிந்ததும் அவர் மேலதிகாரியிடம் எழுதிக் கேட்டு வாங்கிவிட்டார். தள்ளுவண்டியில் ஏற்றி, மழையில் நனையாமல் தார்ப்பாய் போர்த்தி வீட்டுக்குக் கொண்டுவந்தார். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து எண்ணெய் பூசினார். டீச்சரின் மேஜைக்குப் பக்கத்தில் நிறுத்தினார். சுவருக்கு அளவெடுத்துச் செய்த மாதிரி உட்கார்ந்துகொண்டது.

காலியாக நின்ற நாற்பத்தெட்டு பொந்துகளைப் பார்த்தார். திரும்பி, பிதுங்கி வழிகிற பதின்மூன்று செருப்புப் பெட்டிகளைப் பார்த்தார். இருபத்தாறு வருஷம் ஒரே வேலை செய்த கை சும்மா இருக்குமா?

ஒவ்வொரு அட்டையிலும் வலது மூலையில் ஒரு விலாசம் இருந்தது. அவர் கண்ணுக்கு அது விலாசம்தான். ஆனால் ஒரே விலாசத்து அட்டைகள் ஒன்பது பெட்டியில் சிதறிக் கிடந்தன. 'பாவம், அவளுக்கு நேரமே கிடைக்கல' என்று நினைத்துக்கொண்டார். நான்கு நாள், வேலை முடிந்து வந்ததும் முகம் கழுவிவிட்டு நின்றபடியே பிரித்தார். ஒரு நூலுக்கு ஒரு பொந்து. பொந்துக்குள் பகுதி எண் வரிசை. ஒவ்வொன்றின் தலையிலும் அச்சு மாதிரி எழுதி ஒட்டிய சீட்டு. மூலையில் எண் இல்லாத அட்டைகளை என்ன செய்வது என்று அவர் யோசிக்கவே இல்லை. அவை கடைசிப் பொந்துக்குப் போயின. நாய் கடித்துப் போட்ட மாதிரி இருந்த செருப்புப் பெட்டிகளை மடித்துக் குப்பை வண்டியில் போட்டார்.

டீச்சர் வந்த அன்று நல்ல மழை. நனைந்த பையோடு படியேறி வந்தவளை உட்காரக்கூட விடவில்லை.

"இப்படி வா. கண்ணை மூடிக்கோ."

"என்னங்க இது, தலைகூடத் துவட்டல."

"அப்புறம் துவட்டலாம், வா டீச்சரம்மா."

அடுக்கின்மேல் போட்டிருந்த போர்வையை இழுத்தார். மரம் பளபளத்தது. அவள் கிட்டே போய் ஒரு பொந்திலிருந்து நாலைந்து அட்டைகளை எடுத்துப் பார்த்தாள். வைத்தாள். இன்னொரு பொந்தில் எடுத்துப் பார்த்தாள். தலைமுடியிலிருந்து சொட்டின தண்ணீர் அட்டையில் படாமல் கையை விலக்கிப் பிடித்துக்கொண்டே கேட்டாள்.

"பெட்டி எங்கங்க?"

"அந்தக் குப்பையா? போட்டாச்சு. எத்தனை பொந்து பார்த்தியா? இனிமே நீ தேடவே வேண்டாம். எந்த நூல்னு நினைச்சா கை தானாப் போகும்."

கையிலிருந்த அட்டைகளை எடுத்த பொந்திலேயே திருப்பி வைத்தாள். பிறகு, "நல்லா இருக்குங்க. ரொம்பச் சுத்தமா இருக்கு" என்றாள். குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். குழாய் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது.

செவிலியர் பயிற்சியில் இருந்த மகள் வந்து, அடுக்கைப் பார்த்து, அப்பாவைப் பார்த்து, சத்தமில்லாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அப்பா, என்ன பண்ணியிருக்கீங்க தெரியுமா?"

"ஏன்? நல்லாத்தானே இருக்கு?"

"எங்க வார்டுல இருபது நோயாளி. ஆளுக்கொரு ஃபைல். அதுல அவங்க காய்ச்சல், ரத்தம், எக்ஸ்ரே எல்லாம் வரிசையா இருக்கும். முதல்ல என்ன வந்துச்சு, அதனால அடுத்து என்ன வந்துச்சுன்னு பார்த்தாத்தான் டாக்டருக்கு வியாதி புரியும். நீங்க இருபது ஃபைலையும் பிரிச்சு, காய்ச்சல் எல்லாம் ஒரு கட்டு, எக்ஸ்ரே எல்லாம் ஒரு கட்டுன்னு கட்டிட்டீங்க. அழகாத்தான் இருக்கு. எந்த எக்ஸ்ரே யாரோடதுன்னு இனிமே யார் சொல்றது?"

"உங்கம்மா வரிசை எண் போட்டிருக்கலாமே" என்றார் ஈனமான குரலில்.

"நடுவுல புதுசு புதுசா சொருகிட்டே இருப்பாங்க. எண் போட்டா எப்படிச் சொருகறது? எதுக்கு அடுத்து எதுங்கிறதுதான் அம்மாவோட ஆராய்ச்சியே. பதினோரு வருஷமாப் பெருமை பேசறீங்க, இது தெரியாதாப்பா?"

தெரியாது. அதுதான் உண்மை. ஒன்றைச் சார்ந்து இன்னொன்று என்று கூடம் முழுக்கப் பிரசங்கம் செய்தவர், தன் வீட்டு அட்டைகள் ஒன்றை ஒன்று சார்ந்து நிற்கின்றன என்று பார்க்கவில்லை.

குளித்துவிட்டு வந்த டீச்சர் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும். உருளைக்கிழங்கை வேகவைத்து, முட்டையைப் பொரித்து, மூன்று தட்டில் பரிமாறினாள். அவர் தட்டில் வழக்கம்போல உப்பைக் குறைத்துப் போட்டாள்.

மறுநாள் காலை நெறியாளருக்குப் போன் போட்டாள். அந்தப் பேராசிரியை கறாரான அம்மாள். எதிரே நின்றவருக்கும் கேட்கிற குரல்.

"கெடு நீட்டிப்பு ஏற்கனவே ரெண்டு தடவை வாங்கியாச்சும்மா. மூணாவது கிடையாது. முப்பத்தேழு நாள் இருக்கு. அதுக்குள்ள குடுக்கலேன்னா பதிவே ரத்து. நான் சொன்ன இன்னொண்ணும் அப்படியே நிக்குது. உன் மூணு அத்தியாயத்தையும் படிச்சா, கூட்டம் நிறைஞ்ச மண்டபம் மாதிரி இருக்கு. அவர் சொன்னார், இவர் சொன்னார், எல்லாரும் பேசறாங்க. நீ எங்கம்மா நிக்கறே? தூணுக்குப் பின்னாலயா?"

"சரிங்கம்மா" என்று போனை வைத்தாள்.

அவர் அன்றே விடுப்பு எழுதிக் கொடுத்தார். இருபத்தாறு வருஷத்தில் ஒரு மாதம் சேர்ந்தாற்போல் விடுப்பு எடுத்தது அதுதான் முதல் தடவை. முத்திரை குத்துவதை நிறுத்திவிட்டு, "என்ன புத்தரே, துறவறமா?" என்றான்.

நடந்ததைச் சொன்னார். முத்திரை சிரிக்கவில்லை.

"நம்ம ஆளுங்கதான்யா இந்தத் தப்பைப் பண்ண முடியும்" என்றான். "வேற எவனா இருந்தாலும் ஒண்ணு ரெண்டு பெட்டியோட அலுத்துப் போயிருப்பான். நீதான் ஒண்ணு விடாம முடிச்சிருப்பே."

அதிகாலையில் எழுந்து தேநீர் போட்டுவிட்டு இருவரும் மேஜையில் உட்காருவார்கள். பள்ளிக்கூடம் போகிறவரை மூன்று மணி நேரம், வந்தபிறகு விளக்கு வைத்து இரண்டு மணி நேரம், ஞாயிற்றுக்கிழமை முழுக்க. அவர் பொந்திலிருந்து ஓர் அட்டையை எடுத்துப் படிப்பார். அவள் கண்ணை மூடிக்கொண்டு யோசிப்பாள்.

"வேட்கை வந்தா பற்று வரும்னு போட்டிருக்கு."

"அஞ்சாம் பெட்டி. அதுக்கு முன்னாடி ஒண்ணு இருந்துச்சே. நுகர்ச்சி பத்தி. தாகத்துக்குத் தண்ணி குடிக்கிற மாதிரி ஒரு உதாரணம்."

அவர் எழுந்து போய்ப் பார்ப்பார். எந்த நூல் என்று அவள் சொல்லிவிட்டால் நிமிஷத்தில் எடுத்துவிடுவார். பல நேரம் அவளுக்கு நூல் நினைவிருக்காது. அப்போது நாற்பத்தேழு பொந்தையும் துழாவ வேண்டும். கிடைத்ததும் கொண்டுவந்து மேஜையில் முந்தைய அட்டைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, "சரி, இது எதைப் பிடிச்சு நிக்குது?" என்று கேட்பார். முதலில் ஏதோ கேட்கவேண்டுமே என்று கேட்டதுதான். போகப் போக அவளுக்கே அந்தக் கேள்வி வேண்டியிருந்தது. கேட்க மறந்தால், "கேளுங்க" என்பாள்.

"இவ்வளவும் உன் தலைக்குள்ள இருந்துச்சா?" என்றார் ஒருநாள்.

"இருந்துச்சு. பெட்டி இருக்குன்னு தைரியத்துல தலை கொஞ்சம் மறந்துடுச்சு."

குத்திக் காட்டாமல்தான் சொன்னாள். ஆனாலும் குத்தியது.

பதினெட்டு நாளில் நாலாம் அத்தியாயம் எழுந்து நின்றது. ஆறாவதை விட்டுவிடுவது என்று அவளே முடிவு செய்தாள். மூன்று வருஷத்து உழைப்பு அது. தொலைந்தது தொலைந்ததுதான், கடைசிவரை அது திரும்பி வரவில்லை. ஐந்தாவது இல்லாமல் ஆய்வேடு கிடையாது. அதுவோ நகர மறுத்தது. ஓர் அட்டைக்கு இரண்டு இடம் பொருந்தும், இரண்டு இடத்திலும் வைத்துப் பார்த்தால் இரண்டும் தப்பாக இருக்கும். இருபத்தாறாம் நாள், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், டீச்சர் மேஜையில் இருந்ததை எல்லாம் ஓரமாக ஒதுக்கிவிட்டு ஒரு வெள்ளைத்தாளை எடுத்தாள்.

"என்ன எழுதறே?"

"பல்கலைக்கழகத்துக்கு. விலகிக்கிறேன்னு நானே எழுதிட்டா கௌரவமா இருக்கும். அவங்க ரத்து பண்ற வரைக்கும் காத்திருக்க வேண்டாம்."

வெளியே மழை விட்டு, ஓடுகளிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. அவர் அடுக்கின் முன்னால் போய் நின்றார். முதுகைக் காட்டிக்கொண்டு பேசினார்.

"உனக்கு என்மேல கோபமே இல்லையா?"

"இருந்துச்சு. முதல் வாரம் முழுக்க இருந்துச்சு. நீங்க தூங்கும்போது உங்களைப் பார்த்தாலே ஆத்திரமா வரும். அப்புறம் அந்தச் சீட்டெல்லாம் பார்த்தேன். எவ்வளவு அழகா எழுதி ஒட்டியிருக்கீங்க. பாலி வார்த்தை ஒண்ணுகூடத் தப்பில்ல. எழுத்துக்கூட்டிப் பார்த்துப் பார்த்து எழுதியிருக்கீங்க. எங்க போய்க் கோபப்படறது நான்?"

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கை எதையாவது செய்யாமல் இருக்க முடியவில்லை. நாற்பத்தேழு பொந்துகளையும் இத்தனை நாள் துழாவியாயிற்று. கடைசிப் பொந்தை மட்டும் யாரும் தொடவில்லை. அதில் எண் இல்லை, எந்த நூல் என்று இல்லை, ஆராய்ச்சிக்கு அது எதற்கு என்று இருவருமே விட்டிருந்தார்கள். அலுவலகத்தில் செய்கிற மாதிரி சணல் கயிற்றில் கட்டி, மேலே சீட்டு வைத்திருந்தார். 'முகவரி இல்லாதவை – 112.'

"இதை மட்டும் பார்த்துடலாம். அப்புறம் நீ எழுது."

"அதுல என்ன இருக்கப் போகுது?"

"எங்க வேலையில ஒரு சட்டம் இருக்கு. அடுத்தவங்க கடுதாசி உறையை நாங்க பிரிக்கவே கூடாது. பிரிச்சா வேலை போயிடும். விலாசம் இல்லாத கடுதாசி மட்டும் விதிவிலக்கு. அதை அதிகாரி பிரிச்சுப் படிச்சே ஆகணும். எழுதினது யாருன்னு கண்டுபிடிச்சு அவங்ககிட்டயே சேர்க்கிறதுக்கு."

முடிச்சை அவிழ்த்தார். முதல் அட்டையை எடுத்துப் படித்தார்.

"'நான் படித்த புத்தகங்களில் பலவும் இதைச் சங்கிலி என்கின்றன. சங்கிலிக்கு ஒரு முதல் கண்ணி வேண்டும். எனக்கு இது சங்கிலியாகத் தெரியவில்லை.' இது எந்த நூல்?"

"எண் இல்லையா?"

"இல்ல."

அவள் கையை நீட்டி வாங்கிப் பார்த்தாள். "இது... நான் எழுதினதுங்க. சும்மா தோணினதைக் குறிச்சு வெச்சது."

அடுத்ததை எடுத்தார். "'இரண்டு நாணல் கட்டுகள் ஒன்றை ஒன்று சாய்ந்து நிற்கின்றன என்று ஓர் உவமை. எதை முதலில் நிறுத்தினார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது. கேட்க முடியாது என்பதுதான் விடையோ?' இது?"

"உவமை பழசு. கேள்வி என்னுது."

"'ஏழாம் வகுப்புப் பெண் கேட்டது சரியான கேள்வி அல்ல. ஆனால் நான் சொன்ன பதிலைவிட அது உண்மைக்குப் பக்கத்தில் இருந்தது.' இது?"

"என்னுது."

அவர் படித்துக்கொண்டே போனார். நூற்றுப் பன்னிரண்டும் அவளுடையவை. பஸ்ஸில் தோன்றியது, விடைத்தாள் திருத்தும்போது தோன்றியது, மகளுக்கு அம்மை போட்டிருந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் தோன்றியது. பதின்மூன்று பெட்டியில், பெரியவர்கள் சொன்ன மூவாயிரம் சொல்லுக்கு நடுவில், இங்கொன்றும் அங்கொன்றுமாய் ஒளிந்து கிடந்தவை. பதினோரு வருஷத்தில் அவை ஒரே இடத்தில் ஒன்றாக நின்றது இதுதான் முதல் தடவை.

டீச்சர் எழுந்துவிட்டாள். மேஜையிலிருந்த வெள்ளைத்தாளைத் தரையில் தள்ளிவிட்டு அட்டைகளைப் பரப்பினாள். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள். அது அவள் உலகத்தை மறந்துவிட்டதற்கு அடையாளம்.

"அந்த நாணல் அட்டையைக் குடுங்க. இல்ல, அது நடுவுல வரட்டும். நான் இத்தனை நாளா அஞ்சாம் அத்தியாயத்தைச் சங்கிலியா அடுக்கப் பார்த்தேன். அதான் நிக்கல. இது சங்கிலியே இல்லைங்க. ஒண்ணை ஒண்ணு சாய்ஞ்சுக்கிட்டு நிக்கிறது. இதைத்தான் நான் பதினோரு வருஷமாச் சொல்லிட்டு இருந்திருக்கேன். எனக்கே தெரியல பாருங்க!"

"எனக்கு ஒண்ணும் புரியல" என்றார் அவர்.

"பரவாயில்ல. கேளுங்க."

"என்ன கேக்க?"

"எப்பவும் கேப்பீங்களே, அதை."

"இது எதைப் பிடிச்சு நிக்குது?"

டீச்சர் சிரித்தாள். ஒரு மாதத்துக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட சிரிப்பு. "உங்களைத்தான்" என்று சொல்லிவிட்டு, சொன்னதை மறந்து எழுத உட்கார்ந்தாள். அவர் மறக்கவில்லை.

கெடுவுக்கு ஒரு நாள் முன்னதாக, ஐந்தே அத்தியாயத்தோடு ஆய்வேடு போய்ச் சேர்ந்தது.

நாலு மாதம் கழித்து வாய்மொழித் தேர்வு. யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம், கேள்வி கேட்கலாம். அவர் முத்திரையையும் தையல்காரரையும் கூட்டிக்கொண்டு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். அவர் சட்டையைத் தையல்காரரே இஸ்திரி போட்டுக் கொடுத்திருந்தார். மகள் சீருடையோடு வார்டிலிருந்து நேரே ஓடிவந்தாள்.

டீச்சர் நின்று பேசியதில் அவருக்குப் பாதி புரியவில்லை. ஆனால் அவள் ஒரு தாளையும் பார்க்கவில்லை என்பது புரிந்தது. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் வெள்ளைமுடிக்காரர். ஆய்வேட்டின் பக்கங்களில் நிறைய மஞ்சள் சீட்டு சொருகியிருந்தார்.

"ஒண்ணு கேக்கணும்மா. முதல் மூணு அத்தியாயத்துல நீங்க இருக்கிற இடமே தெரியல. அஞ்சாவதுல யாரோ வேற ஆள் வந்து எழுதின மாதிரி இருக்கு. தைரியமா, தெளிவா. இந்தச் சங்கிலி இல்லைங்கிற வாதம் முழுக்க உங்களுது. நடுவுல என்னம்மா நடந்துச்சு?"

கடைசி வரிசையில் அவர் முன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். சொல்லிவிடுவாளோ? இத்தனை படித்தவர்கள் முன்னால், பெட்டியைக் குப்பையில் போட்ட கதையை?

"என் கணவர் தபால் பிரிக்கிறவருங்க" என்றாள் டீச்சர். "நான் ஊர்ல இல்லாதப்ப என் அட்டை எல்லாத்தையும் அவர் தபால் மாதிரி பிரிச்சுட்டார். என் வரிசை மொத்தமும் போயிடுச்சு. ஒரு அத்தியாயம் இன்னிக்கு வரைக்கும் திரும்பி வரல. ஆனா எந்த நூல்னு எழுதாத அட்டையை எல்லாம் அவர் தனியா ஒரு கட்டா வெச்சிருந்தார். அவ்வளவும் நான் யோசிச்சது. நானே ஒண்ணாப் பார்த்ததில்ல. அந்தக் கட்டுதாங்க அஞ்சாம் அத்தியாயம்."

மண்டபத்தில் எல்லாத் தலையும் பின்னால் திரும்பியது. முத்திரை அவர் விலாவில் இடித்து, "எந்திரிய்யா" என்றான்.

எழுந்தார்.

"நீங்களாங்க?" என்றார் தேர்வாளர். "விலாசமே இல்லாத அட்டையை ஏன் தூக்கிப் போடல?"

இது அவருக்கு விடை தெரிந்த கேள்வி.

"தூக்கிப் போட எங்களுக்கு அதிகாரம் கிடையாதுங்க. யாரோ உட்கார்ந்து எழுதினதுதானே. எழுதினவங்ககிட்ட சேர்க்கணும்."

தேர்வாளர் பேனாவை மூடி வைத்தார். "எனக்கு வேற கேள்வி இல்லை" என்றார் நெறியாளர் பக்கம் திரும்பி. அந்தக் கறாரான அம்மாள் தைப்பதற்கு நூல் கோக்கிறவள் மாதிரி கண்ணைச் சுருக்கிக்கொண்டு டீச்சரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "தூணை விட்டு வெளிய வந்துட்டே" என்று மட்டும் சொன்னாள்.

மூன்று வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை. காலையில் வந்த தபால் பையைக் கொட்டியாயிற்று. அவர் புது இரும்பு அடுக்கின் முன்னால் நின்று பிரித்துக்கொண்டிருந்தார். நிமிஷத்துக்கு நாற்பது. திடீரென்று கை நின்றது.

நீளமான கெட்டி உறை. இடது மூலையில் பல்கலைக்கழகத்தின் சின்னம். நடுவில் அவர் மனைவி பெயர். பெயருக்கு முன்னால், தட்டச்சில், 'முனைவர்'. கீழே அவர் வீட்டு விலாசம்.

எத்தனை லட்சம் கடிதம் அந்தக் கை வழியாகப் போயிருக்கும். எந்தக் கடிதத்தையும் இரண்டாவது தடவை பார்த்ததில்லை. இதைப் பார்த்தார். மறுபடி பார்த்தார். முத்திரையிடம் நீட்டினார். அவன் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, உறையின் நாலு ஓரத்தையும் தடவிப் பார்த்துவிட்டு, "புத்தரே, இதைப் பொந்துல போடப் போறியா?" என்றான்.

"சட்டப்படி போடணும்."

"போய்க் கேளுய்யா."

மேலதிகாரி நடந்ததை எல்லாம் கேள்விப்பட்டிருந்தார். பட்டுவாடாப் பதிவேட்டை எடுத்து அவர் பக்கம் தள்ளினார். "இன்னிக்கு ஒரு கடுதாசிக்கு மட்டும் நீங்க பட்டுவாடா ஊழியர். கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க. பையும் எடுத்துக்கங்க. பை இல்லாமப் போனா முறையில்ல."

ஒற்றைக் கடிதம் கிடந்த பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவர் தெருவுக்குள் நுழைந்தார். தூறலுக்கு உறை நனையாமல் பையின் மூடியை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்திருந்தார். தையல்காரர் மெஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

"என்ன தபால்காரரே, இந்த நேரத்துல?"

அவர் திருத்தவில்லை. "தபால் இருக்கு" என்றார். நடந்துகொண்டே சொன்னார்.

பள்ளிக்கூடத்தில் அன்று அரைநாள். டீச்சர் வீட்டில்தான் இருந்தாள். சொந்த வீட்டுக் கதவின் முன்னால் நின்று, செருப்பைச் சரிசெய்து, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக அவர் ஒரு கதவைத் தட்டினார்.

"யாருங்க?" என்றது உள்ளேயிருந்து குரல்.

அவர் முதுகை நிமிர்த்திக்கொண்டார். தெருவுக்கே கேட்கிற மாதிரி, விலாசத்தில் இருந்தபடி, ஒன்றும் விடாமல் சொன்னார்.

"முனைவர் அம்மா வீடுங்களா? தபால்!"